அம்மாவுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மற்ற வாசகர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். 71 வயதாகும் உங்கள் அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று 2 ஆண்டுகளுக்கு முன் உறுதியானது. மறதிக்குத் தரும் டொனெபெசில் மாத்திரை சாப்பிட்டபடி ஓரளவு தன் வேலைகளைத் தானே பார்த்துவந்தவர், கடந்த 4 மாதங்களாக வேகமாகத் தளர்ந்துவிட்டார். குளியலறைக்குப் போய்விட்டு எந்த அறைக்குத் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார், மாலை நேரத்தில் உங்களையே யார் என்று கேட்கிறார். இதைப் பார்க்கப் பொறுக்காத உங்கள் அண்ணன், ஸ்டெம் செல் சிகிச்சை தரும் ஒரு தனியார் மையத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். அம்மாவின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, மூன்று தவணையாக இரத்தக் குழாய் வழியே செலுத்துவார்களாம். சொந்தச் செல் என்பதால் பக்கவிளைவு என்ற பேச்சுக்கே இடமில்லையாம். முதல் தவணைக்கு 2 வாரம் முன்பே மறதிக்கான மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். சிகிச்சைக்குப் பிறகு ஒரு முதியவர் தன் பேரனின் பெயரைத் தயங்காமல் சொல்லும் காணொளியையும் காட்டியிருக்கிறார்கள். இதனால் நினைவு திரும்புமா, ஆபத்து ஏதும் உண்டா, வேண்டாம் என்று தடுத்தால் அம்மாவுக்கு வரவிருந்த ஒரு வாய்ப்பைக் கெடுத்த பழி எனக்கு வந்துவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இடையே போகிற போக்கில், சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்பட்டதற்காக சுமார் 5 மாதங்களுக்கு முன் ஒரு மாத்திரை தொடங்கியதையும், இரவில் தூங்க வைக்க அவ்வப்போது சளி, அரிப்புக்குத் தரும் மாத்திரை ஒன்றைக் கொடுப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மையத்துக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். ஸ்டெம் செல் ஆராய்ச்சியே பொய் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அது மெய்யான, மதிப்புக்குரிய ஆராய்ச்சி. ஆனால் அல்சைமரைப் பொறுத்தவரை அது இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விதான். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ, ஐரோப்பிய மருந்து முகமையோ அல்சைமருக்கென்று எந்த ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் ஒப்புதல் வழங்கியதில்லை. ஆய்வாளர்கள் கேள்வியாக வைத்திருப்பதை, இந்த மையம் விடையாக்கி விலை வைத்து விற்கிறது.

தன்னைப் பெருக்கிக்கொண்டு வேறு வகைச் செல்லாகவும் மாறவல்ல செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். தமிழ்ப் பாடநூல்களில் குருத்தணு என்று சொல்லப்படும் இது, ஒரே ஒரு பொருளுக்கான பெயர் அல்ல. கருவின் தொடக்க நாட்களிலிருந்து எடுக்கப்படும் செல்கள் உடலின் ஏறக்குறைய எந்தத் திசுவாகவும் மாறவல்லவை. மனிதக் கருவிலிருந்து அவற்றை முதன்முதலில் பிரித்து வளர்த்துக் காட்டியவர் ஜேம்ஸ் தாம்சன், 1998-இல். வளர்ந்த உயிரியின் சாதாரணத் தோல் செல்லையே நான்கு மரபணுக்களின் துணையோடு அந்தப் பழைய குருத்து நிலைக்குத் திருப்ப முடியும் என்று ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனித செல்லிலும் மெய்ப்பித்து, 2012-இல் நோபல் பரிசு பெற்றார். எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் வேறொரு வகை. இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இவற்றைக் கொண்டுதான் நடக்கிறது, அந்த வேலைக்காக டானல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இரத்தம் உண்டாக்குவதையே பிறவித் தொழிலாகக் கொண்ட செல்லை இரத்தம் கெட்டுப்போனவருக்குக் கொடுக்கிறோம், அது தன் தொழிலைச் செய்கிறது. அந்த வெற்றியில் மர்மம் ஏதுமில்லை. அந்த வெற்றிக்குக் கிடைத்த நற்பெயரைத்தான், அதோடு எந்த உறவும் இல்லாத வேறு வகைச் செல்களை விற்பவர்கள் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் அம்மாவின் கொழுப்பிலிருந்து எடுக்கப் போவது, மீசென்கைமல் செல் எனப்படும் வகை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவையே அதன் இயல்பான வாரிசுகள். மனித மூளைக்குள் சென்று நரம்பணுவாக மாறி, இறந்துபோன நரம்பணுவின் இடத்தை நிரப்பி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை. 1991-இல் இந்தச் செல்களுக்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைச் சூட்டிய ஆர்னால்ட் கேப்லன் என்ற அறிஞரே, அந்தப் பெயர் மக்களைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று 2017-இல் எழுதினார். பெயர் வைத்தவரே பெயரைத் திரும்பப் பெற விரும்பினார். விளம்பரப் பலகைகள் மட்டும் இன்னும் அதை விடவில்லை.

இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கையில் உள்ள சிரையில் ஏற்றிய செல் முதலில் இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் நுண்குழாய்கள் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலமே உள்ளவை. வளர்ப்புத் தட்டில் பெருக்கிய மீசென்கைமல் செல்லோ பெரும்பாலும் 15 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஆகவே செலுத்தப்பட்டவற்றில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொண்டு, சில நாட்களில் அழிந்துவிடுகிறது என்பது விலங்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. அதைத் தாண்டித் தப்பிய சொற்பமும் மூளையின் வாசலில் இரத்த-மூளைத் தடுப்பு என்னும் காவலைக் கடந்தாக வேண்டும். 'செல் மூளைக்குப் போய்ப் பழுதான இடத்தைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும்' என்று மையத்தினர் வரைந்து காட்டிய படம், கதையாக நன்றாக இருக்கிறது. உடற்கூறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இதை நேர்மையான ஆய்வாளர்கள் நன்றாகவே அறிவார்கள். அதனால் அவர்கள் இன்று பேசுவது வேறு: இந்தச் செல்கள் எங்கே தங்கினாலும் சரி, அவை சுரக்கும் பொருட்கள் உடலில் உள்ள அழற்சியைத் தணிக்கக்கூடும், அல்சைமர் மூளையில் நீறுபூத்த நெருப்பாக இருக்கும் அழற்சியும் அதனால் சற்று அடங்கக்கூடும், அடங்கினால் நோயின் வேகம் குறையக்கூடும் என்கிறார்கள். இது நியாயமான ஊகம், சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகமும்கூட. ஆனால் இதில் எங்குமே 'இழந்த நினைவு திரும்பும்' என்ற வாக்குறுதி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் திரும்பாது என்பதற்கு, நரம்பியல் மருத்துவர்களான நாங்கள் செய்யும் ஒரு எளிய சோதனையைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் வரைந்து, கடிகாரமாக்கி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வோம். அண்மையில் ஒரு பெண்மணி 12 முதல் 6 வரையிலான எண்களைச் சரியாக வலப்பக்கம் எழுதிவிட்டு, 7-ஐ எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலை வட்டத்தின் மேலேயே சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார். பிறகு முட்களுக்குப் பதிலாக, 10 என்ற எண்ணையும் 11 என்ற எண்ணையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எண்கள் மறக்கவில்லை, கடிகாரம் என்றால் என்ன என்பதும் மறக்கவில்லை. ஒன்றை இன்னொன்றோடு கோத்து வைத்திருந்த இணைப்புகள் அறுந்துவிட்டன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை வைத்திருக்கிறது. வாழ்ந்த வாழ்க்கை அந்த இணைப்புகளின் அமைப்பில்தான் பதிந்திருக்கிறது. பாவும் ஊடும் அறுந்துபோன துணியின் மேல் புது நூற்கண்டைக் கொண்டுவந்து வைத்தால், பழைய கரை வேலைப்பாடு தானாகத் திரும்பிவிடுவதில்லை. இதற்கும் மேலே, செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதத்தின் படிவும் உள்ளே டௌ புரதத்தின் முறுக்கலும் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருக்கும் மூளையில், புதிதாக வரும் நரம்பணு மட்டும் எப்படி நலமாக இருக்கும்? அமிலாய்டு படிவு, அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாம் மருத்துவரிடம் போகும் நாளில் நோய் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்திருக்கும்.

பார்க்கின்சன் நோய்க்குச் செல் சிகிச்சை நம்பிக்கை தருவதாகச் செய்தி வருகிறதே என்று அண்ணன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அங்கே நிலைமை வேறு. பார்க்கின்சனின் நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் முக்கியக் காரணம், மூளையின் ஒரு சிறு பகுதியில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரே வகை நரம்பணுக்கள் அழிவதுதான்; ஆகவே ஆய்வகத்தில் அந்த வகையை உருவாக்கி, அறுவைச் சிகிச்சை மூலம் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 2025-இல் வெளியான இரண்டு சிறிய ஆய்வுகளில், ஒன்றில் 12 பேர், ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மற்றொன்றில் 7 பேர், இப்படி வைக்கப்பட்ட செல்கள் உயிரோடு இருந்து டோபமின் உருவாக்கியதற்கான அடையாளங்கள் தெரிந்தன. அவையும் தொடக்க நிலை ஆய்வுகளே. அல்சைமர் ஓர் இடத்தில் ஒரு வகைச் செல்லோடு நிற்கும் நோய் அல்ல. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் முதலில் தாக்கி, பின் மூளைப் புறணி முழுக்கப் பரவுகிறது. எதை, எங்கே, எவ்வளவு வைப்பது?

இனி அல்சைமரிலேயே நடந்தவற்றைப் பார்ப்போம். எலிகளில் முடிவுகள் நன்றாகவே வந்தன. 2009-இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில், அல்சைமர் மாதிரியாக மரபணு மாற்றப்பட்ட வயதான எலிகளின் மூளையில் நரம்பு ஸ்டெம் செல்களை வைத்தபோது, அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது. சுவையான செய்தி என்னவென்றால், அமிலாய்டும் டௌவும் இருந்தபடியே இருந்தன. செல்கள் சுரந்த ஒரு வளர்ச்சிக் காரணி எஞ்சியிருந்த நரம்பணுக்களின் இணைப்புகளைத் தழைக்க வைத்ததே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் எலிக்கு இயல்பாக அல்சைமர் வருவதில்லை. நாம்தான் மரபணுவை மாற்றி அதன் ஒரு சாயலை உண்டாக்குகிறோம். எலியைக் குணமாக்கி மனிதரிடம் தோற்ற அல்சைமர் மருந்துகள் ஏராளம்.

மனிதரில் நடந்த ஆய்வுகளில், தென் கொரியாவின் சியோலில் நடந்து 2015-இல் வெளியான ஒன்றை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. 9 பேருக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த மீசென்கைமல் செல்களை, சிரை வழியே அல்லாமல், மண்டையோட்டில் துளையிட்டு ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளிலேயே நேரடியாகச் செலுத்தினார்கள். நுரையீரல் வடிகட்டியும் இல்லை, இரத்த-மூளைத் தடுப்பும் இல்லை. பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை; ஆனால் 2 ஆண்டுக் கண்காணிப்பில் நினைவுத் தேய்வு நிற்கவும் இல்லை. அதே குழுவினர், மூளையின் நீரறைக்குள் குழாய் வைத்து, 4 வார இடைவெளியில் மூன்று முறை செலுத்திய அடுத்த ஆய்வை 2021-இல் வெளியிட்டார்கள்; அதிலும் 9 பேர்தான், பெரும்பாலோருக்கு அடுத்த நாளே காய்ச்சல் வந்து தணிந்தது. இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோய் வைத்தும் இதுதான் விளைவு என்றால், கைச் சிரையில் ஏற்றுவதற்கு மையத்தினர் தரும் உறுதி எங்கிருந்து வருகிறது?

சிரை வழி ஆய்வுகளும் நடக்காமல் இல்லை. அமெரிக்காவின் 10 மையங்களில், லேசான அல்சைமர் உள்ள 49 பேரிடம் கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்களைச் செலுத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்கு வெறும் போலி மருந்தே ஏற்றப்பட்டது, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம், அது நிறைவேறியது. செல் பெற்றவர்களிடம் மூளை சுருங்கும் வேகம் குறைந்ததற்கான அறிகுறிகளும் தெரிந்தன. எனக்கு இதில் உண்மையான ஆர்வம் உண்டு, அடுத்த கட்ட முடிவுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் 49 பேரை நான்கு குழுவாகப் பிரித்த ஓர் ஆய்வைக் கொண்டு ஒரு சிகிச்சையை நிலைநாட்ட முடியாது. அந்த ஆய்வாளர்களும் அப்படி உரிமை கொண்டாடவில்லை. அங்கே பயன்பட்டது ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பில் தரம் பார்த்துத் தயாரித்த, கொடையாளரின் மஜ்ஜைச் செல். உங்கள் அண்ணனுக்குக் காட்டப்படுவதோ மையத்தின் பின்னறையில் கொழுப்பிலிருந்து பிரித்த கலவை. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குச் சான்றாக நீட்டுவது நேர்மையில்லை.

ஆபத்து உண்டா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'சொந்தச் செல், ஆகவே தீங்கில்லை' என்ற வாதத்துக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015-இல் நடந்ததே பதில். பார்வை மங்கிய மூன்று பெண்களுக்கு, அவர்களின் சொந்தக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். மூவரும் பார்வையை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தார்கள். 2017-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. செல் யாருடையது என்பது ஒரு கேள்விதான். அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டு, எப்படிக் கையாளப்பட்டு, தனக்குப் பழக்கமில்லாத எந்த இடத்தில் விடப்படுகிறது என்பதும் அதே அளவு பெரிய கேள்வி. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளுக்குப் போய்ச் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் தண்டுவடத்தில் பிறருடைய செல்களால் ஆன கட்டி வளர்ந்ததாக 2016-இல் பதிவாயிற்று. இவை அடிக்கடி நடப்பவை அல்ல. உங்களைப் பயமுறுத்துவதற்காகவும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் வயதில் எனக்குக் கூடுதலாகக் கவலை தருபவை, செய்தியில் வராத சிறு தீங்குகள்: கொழுப்பை உறிஞ்சி எடுக்கும்போது தரும் மயக்க மருந்து, தொற்று, இரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துக்கொள்வது, பழக்கமில்லாத இடத்தில் தங்க நேர்வதால் கூடிப்போகும் குழப்பம். அறிவு மங்கிய முதியவர் ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பாமலே போவதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம்.

இனி அந்தக் காணொளி. அதில் இருப்பவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அல்சைமர் நோயாளியின் ஒரு நாள் இன்னொரு நாளைப் போல இருப்பதில்லை. நன்றாகத் தூங்கி, மலம் கழித்து, வீட்டில் ஆட்கள் கூடியிருக்கும் காலையில் பேரனின் பெயர் வரும், அதே நாள் மாலையில் வராது. எந்தக் காலையில் கேமராவை இயக்குவது என்பது இயக்குபவரின் கையில் இருக்கிறது. போலி மருந்து பெறும் குழு இல்லாமல் எந்தச் சிகிச்சையையும் மதிப்பிடக் கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. டொனெபெசில் நோயைக் குணமாக்கும் மருந்து அல்ல. நரம்புகளுக்கிடையே அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சிதையாமல் காத்து, எஞ்சியிருக்கும் இணைப்புகளைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக வைக்கிறது. பிரிட்டனில் 295 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், நடுத்தர, முற்றிய நிலையில் இதை நிறுத்தியவர்கள் தொடர்ந்தவர்களைவிட மோசமானார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாத்திரையை நிறுத்தியதும் அம்மா சற்றுத் தளர்வார், அந்தத் தளர்ந்த நிலையில் 'சிகிச்சைக்கு முன்' என்று ஒரு சோதனை எடுப்பார்கள், ஊசி போட்ட பிறகு மாத்திரையை மீண்டும் தொடங்குவார்கள், அம்மா பழைய இடத்துக்குத் திரும்புவார், அந்தத் திரும்புதல் ஸ்டெம் செல்லின் கணக்கில் வரவு வைக்கப்படும். அவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் விழும்.

அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். 'ஏமாற்றுகிறார்கள்' என்று தொடங்கினால், அம்மாவுக்காக அலைந்து தேடிய அவர் மனம் புண்படும், பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, மையத்தில் கேட்க வேண்டிய சில கேள்விகளை அவரிடமே கொடுங்கள். இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு இருக்கிறதா, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு யார் தருவார்கள், நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறார்கள்? முறையான மருந்து ஆய்வில் பங்கேற்பவர் ஆய்வு மருந்துக்குக் காசு கொடுப்பதில்லை. சிகிச்சை என்றால், ஒப்புதல் ஆணை எங்கே? 'அரசுப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறது' என்று அவர்கள் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டக்கூடும். மருந்து ஆய்வுப் பதிவேட்டில் பெயர் இருப்பது பதிவு செய்ததற்கு மட்டுமே அடையாளம், தரத்துக்கான முத்திரை அல்ல. பணம் வாங்கி ஊசி போடும் மையங்கள் பல அங்கே பதிந்துவைத்திருக்கின்றன.

வாய்ப்பைக் கெடுத்த பழி வருமா என்று கேட்டிருந்தீர்கள். வாய்ப்பு உண்மையில் எந்தப் பக்கம் கெடுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே ஏதேனும் செல் சிகிச்சை பெற்றவர்களை முறையான ஆய்வுகள் பலவும் சேர்த்துக்கொள்வதில்லை. இன்று அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், நாளை வரக்கூடிய நல்ல ஆய்வின் கதவு அடைபடலாம். ஒப்புதல் பெற்ற புதிய மருந்துகளைப் பற்றியும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அமிலாய்டை அகற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்தான லெகானெமாப் 2023-இலும், டொனானெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில் லெகானெமாப் தேய்வின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, திருப்பவும் இல்லை. மூளை வீக்கமும் நுண் இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மா அந்த எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன், உறுதியாகச் சொல்லவில்லை. காரணம், அந்தச் சிறுநீர் மாத்திரை. டொனெபெசில் உடல் முழுக்க அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது. சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்க வைப்பதும் அதே பொருள்தான். ஆகவே டொனெபெசில் சாப்பிடும் சிலருக்கு, அடக்க முடியாத சிறுநீர் அவசரம் வருவதுண்டு. அதை நோயின் வளர்ச்சி என்றோ வயதின் கோளாறு என்றோ எண்ணி, ஆக்ஸிபியூட்டினின் போன்ற ஒரு மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். அது அசிட்டைல்கோலினைத் தடுப்பதன் மூலம் வேலை செய்யும் மாத்திரை. சிறுநீர்ப்பையில் மட்டும் தடுத்துவிட்டு நிற்காது, மூளைக்குள்ளும் போய்த் தடுக்கும். ஒரு மாத்திரை ஏற்றுவதை இன்னொரு மாத்திரை இறக்குகிறது, நடுவில் அம்மா திசை தெரியாமல் நிற்கிறார். தூக்கத்துக்குக் கொடுக்கும் சளி, அரிப்பு மாத்திரைகளில் பழைய வகையைச் சேர்ந்தவையும் இதே தடுப்பு வேலையைச் செய்பவை. மாத்திரை தொடங்கி 5 மாதம், அம்மா தளரத் தொடங்கி 4 மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்ல நான் துணிய மாட்டேன். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது வேறு வகையாகவும் இருக்கலாம். வேகமான தளர்ச்சிக்கு மறைந்திருக்கும் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம் என்று வேறு காரணங்களும் உண்டு. இவை அனைத்தும் எளிய சோதனைகளில் தெரிந்துவிடும், பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. அம்மாவுக்கு அல்சைமர் இருப்பது உண்மை, அது இதனால் போய்விடாது. ஆனால் இந்த 4 மாதச் சரிவில் ஒரு பங்கு மீட்கக் கூடியதாக இருந்தால், எந்த மையத்தின் ஊசியும் தர முடியாத முன்னேற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். தூக்கத்துக்குக் கொடுக்கும் அந்த அரிப்பு மாத்திரையை மட்டும், மருத்துவரைப் பார்க்கும் வரை கொடுக்காமல் இருங்கள். வீட்டில் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கண் சொட்டு மருந்து, இருமல் மருந்து உட்பட, ஒரு பையில் போடுங்கள். ஒரு தாளில் ஒவ்வொன்றும் எந்த மாதம் தொடங்கியது என்று இடப்பக்கமும், அம்மாவிடம் எந்த மாற்றம் எந்த மாதம் தெரிந்தது என்று வலப்பக்கமும் எழுதுங்கள். சிறுநீருக்கான மாத்திரை அசிட்டைல்கோலினைத் தடுக்கும் வகையா, டொனெபெசிலின் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா, அல்லது மிராபெக்ரான் போல வேறு வழியில் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றலாமா என்று அம்மாவின் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; மையத்தில் முன்பணம் கட்டச் சொன்ன தேதிக்கு இன்னும் 3 வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இதை இந்த வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் ஆலோசகர்